கொடையும் கணக்கும்: நீலகிரியின் வாசிப்பு அறங்கள்

நூல்களைத் திரட்டிப் பொதுமக்களை வாசிக்க வைக்கும் அறநிலையத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. நூல் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கெனப் பெற்ற பணமும் பொருளும் எப்படிச் செலவாயின என்று ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். முதலாவது அறம், இரண்டாவது அலுவலக வேலை என்று பிரித்துப் பார்ப்பதே பெருவழக்கு. மார்ச் மாதம் வந்தால் தொண்டர்கள் சலித்துக்கொள்வதும் இந்தப் பிரிவினையால்தான். கணக்கு அறத்துக்கு வெளியே நிற்கும் சுமையா, அறத்தின் உறுப்பா என்பது சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி. கொடுப்பதை மறைத்துக் கொடு என்கிறது ஒரு போதனை. கொடுத்ததையும் பெற்றதையும் எழுதி வை என்கிறது இன்னொரு போதனை. பல இடங்களில் இரண்டும் ஒரே மறைநூலில் இருக்கின்றன.

இக்கேள்வியை ஆராய நீலகிரி மாவட்டம் ஏற்ற களம். மிஷன் பள்ளி, சந்தா நூலகம், குருகுலம், அரசுப் பொது நூலகம் என வாசிப்புக் கொடையின் வெவ்வேறு வடிவங்கள் கடந்த 180 ஆண்டுகளில் இந்த ஒரே மலையில் தோன்றியிருக்கின்றன.

நூற்கொடையின் சமயப் பின்னணி

சமண சமயம் தானத்தை உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என நான்காக வகுக்கிறது. சாத்திர தானம் என்பது ஏடுகளைப் படியெடுத்து வழங்குவது. 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டைச் சேர்ந்த அத்திமப்பே என்ற சமணப் பெண்மணி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத காலத்தில் அது ஓலை பதப்படுத்துவோருக்கும் எழுத்தருக்கும் கூலி கொடுத்து நடத்தவேண்டிய பெரும்பணி. தமிழகத்தில் கோயில்களை ஒட்டி ஏட்டுச் சுவடி நிலையங்கள் இருந்தன. சிதம்பரம் கோயில் கல்வெட்டுகள் அங்கிருந்த சரசுவதி பண்டாரத்தைக் குறிப்பிடுகின்றன.

இஸ்லாமிய மரபில், ஒருவர் இறந்த பின்னும் அவருக்குப் பயன் தந்துகொண்டிருப்பவை மூன்று: நிலைத்த தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, அவருக்காக வேண்டும் நல்ல பிள்ளை. நூல் வாங்கி வைப்பதும் மதரசாவுக்கு நிலம் எழுதுவதும் முதலிரண்டு வகைக்குள் அடங்குகின்றன. சீர்திருத்தக் கிறித்தவம் ஒவ்வொருவரும் தம் மொழியில் மறைநூலைத் தாமே வாசிக்க வேண்டும் என்றது. இதனால் அது போன இடமெல்லாம் பள்ளியும் அச்சகமும் கூடவே போயின. கேரளத்தில் நாராயண குரு 1917-இல், இனிக் கோயில்களைவிடப் பள்ளிக்கூடங்களே கட்டப்பட வேண்டும் என்று தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார்.

கல்விக்கொடையைப் பற்றி இம்மரபுகள் யாவும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. சோறு கொடுத்தால் கொடுத்தவரிடம் குறையும். அறிவு கொடுத்தால் குறையாது. இந்தக் கருத்து எவ்வளவு உண்மையோ அவ்வளவு அரைகுறையானதும்கூட. அறிவு குறையாது என்றாலும் அதைச் சுமக்கும் நூல் கிழிகிறது, பூசணம் பிடிக்கிறது, இரவல் போய்த் திரும்பாமல் நின்றுவிடுகிறது. அறைக்கு வாடகை, விளக்குக்கு மின்கட்டணம், நூலகருக்குச் சம்பளம் என எல்லாம் குறையும் பொருள்களே. குறையாத ஒன்றைக் குறையும் பொருள்கள் வழியாகக் கொடுப்பதே வாசிப்பு அறத்தின் இயல்பு. கணக்கு என்பது இந்தக் குறையும் பகுதியைப் பற்றியது.

மலையில் நான்கு வடிவங்கள்

குன்னூரை அடுத்த கேத்தியில் வாழ்ந்த ஆங்கிலேய நீதிபதி ஜார்ஜ் காசமேயர், 1840-களில் பாசல் மிஷன் பாதிரிமார்களை நீலகிரிக்கு வரவழைப்பதில் முன்னின்றார். மலையில் வாழும் படகர் சமூகத்தின் மொழியைக் கற்றார். 1849-இல் இறக்கும்போது தம் சொத்தை மிஷனுக்கு எழுதி வைத்தார். அந்தக் கொடையிலிருந்து மிஷனின் கேத்தி நிலையம் வளர்ந்தது. பாசல் மிஷன் பின்னர் லூக்கா நற்செய்தியைப் படகர் மொழியில் அச்சிட்டது. தனக்கென எழுத்து இல்லாத ஒரு மொழி கன்னட எழுத்தில் ஏறியது இவ்வாறுதான். கொடை தந்தவரின் நோக்கம் சமயப் பரப்பல். பெற்றவர்களுக்குக் கிடைத்ததோ பள்ளியும் எழுத்தும். கொடுத்தவர் நினைத்த பயனும் பெற்றவர் எடுத்துக்கொண்ட பயனும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாவது வடிவம் சந்தா நூலகம். உதகமண்டலத்தில் நீலகிரி நூலகம் 1859-இல் தொடங்கப்பட்டது. இராபர்ட் சிஷோம் வடிவமைத்த அதன் கட்டடம் 1860-களின் பிற்பகுதியில் எழுந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் தமக்குள் பணம் போட்டுத் தமக்காக ஏற்படுத்திய இந்நூலகம் இன்றும் உறுப்பினர் சந்தாவில் இயங்குகிறது. மலையின் வரலாறு குறித்த அரிய நூல்களைக் காத்துவருகிறது. கூட்டாகப் பணம் போட்டுக் கூட்டாக அனுபவிக்கும் இந்த ஏற்பாட்டில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. கணக்குக் கேட்கும் உரிமை அதனால் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. சந்தா கட்டாதவர் படியேற முடியாது என்பது அதன் மறுபக்கம்.

மூன்றாவது, துறவியர் நடத்தும் குருகுலம். நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-இல் நீலகிரியில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். ஊட்டியை அடுத்த பெர்ன்ஹில்லில் உள்ள குருகுலத்தில் அவருக்குப் பின் நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும்வரை வாழ்ந்தார். அவருடைய நூல்தொகுதியைச் சுற்றி மலையாளம், தமிழ், ஆங்கிலம் என மொழி கடந்த வாசகர் கூட்டம் உருவாயிற்று. எழுத்தாளர் ஜெயமோகன் ஒருங்கிணைத்த தமிழ் இலக்கியச் சந்திப்புகள் நித்யாவின் நினைவாக அங்கே நடந்தன. நாராயண குரு 1924-இல் ஆலுவாயில் கூட்டிய சர்வமத மாநாடு வாதிட்டு வெல்வதை விலக்கி, அறிவதையும் அறிவிப்பதையும் தன் நோக்கமாக அறிவித்தது. சமய நிறுவனம் ஒன்று பிற சமய நூல்களையும் அலமாரியில் வைப்பதற்கான மெய்யியல் அடிப்படை அந்த அறிவிப்பில் இருக்கிறது.

நான்காவது, அரசு நூலகம். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தோன்றியது முதல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகச் சட்டத்துக்காக உழைத்துவந்தார். அவர் முயற்சியின் பயனாகச் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர், கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. இதன்படி வசூலாகும் நூலக வரி இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. மாவட்ட நூலக ஆணைக்குழு இந்தப் பணத்தைக் கொண்டு நூலகங்களை நடத்துகிறது. வாசகர் வட்டமும், 1,000 ரூபாய் செலுத்திச் சேரும் புரவலர் முறையும் அரசு நூலகத்துடன் ஊராரை இணைக்கும் வழிகள். இங்கே கொடை வரியாகிவிட்டது. வீட்டு உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கொடுக்கிறார். வாசகர் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாமல் எடுத்துப் படிக்கிறார்.

ஈகையும் ஒப்புரவும்

இந்த நான்கு வடிவங்களையும் எடைபோடத் திருக்குறளின் அதிகார வைப்பு உதவுகிறது. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக, 22 என்றும் 23 என்றும், தனித்தனியே வைத்திருக்கிறார். ஈகை வறியவருக்குக் கொடுப்பது; அங்கே கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கிறார்கள். ஒப்புரவு ஊருக்குப் பொதுவாகப் பயன்படுவது. ஊர்க்குளத்தில் நீர் முகப்பவர் யாரும் இரப்பவராவதில்லை.

வாசிப்பு நிலையம் ஒப்புரவின் பாற்பட்டது. தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக்கு ‘ஏழைப் பிள்ளை’ என்ற அடையாளத்துடன் கையில் கொடுக்கப்படும் புத்தகத்துக்கும், எல்லாப் பிள்ளைகளும் எடுக்கும் அலமாரியிலிருந்து அதே குழந்தை எடுத்துக்கொள்ளும் புத்தகத்துக்கும் விலையில் வேறுபாடு இல்லை, மதிப்பில் உண்டு. ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் 1931-இல் நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்ற அவற்றின் இரண்டாவது விதியும் வாசகரை உரிமையுள்ளவராகவே கருதுகிறது.

இந்த வகைப்பாட்டிலிருந்து கணக்கு பற்றிய முதல் முடிவு கிடைக்கிறது. தனி ஒருவர் தம் பையிலிருந்து தனி ஒருவருக்குக் கொடுக்கும் ஈகைக்குச் சாட்சி தேவையில்லை. பொதுப்பணம் ஒருவர் கைவழியாகப் பொதுமக்களுக்குப் போகும் ஒப்புரவில் இடையில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு உரிமையாளர் என்ற தகுதி கிடையாது. பிறர் பொருளை ஏந்தி நிற்கும் அந்தக் கை, ஏந்தியதைக் காட்டக் கடன்பட்டது.

மறைவும் வெளிப்படையும்

கொடையை மறைக்கச் சொல்லும் போதனையின் பொருள் இப்போது தெளிவாகும். மத்தேயு நற்செய்தியில் வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்று இயேசு சொல்வது, தெருவில் ஊதுகொம்பு ஊதித் தருமம் செய்வோரைக் கண்டித்த இடத்தில். பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கும்போது, கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குத் தருவதைச் சாத்துவிகம் என்கிறது. பலனை எண்ணித் தருவதை இராசதம் என்கிறது. குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம், தருமத்தை வெளிப்படையாகத் தருவதும் நல்லதே என்று ஏற்றுக்கொண்டு, ஏழைகளுக்கு மறைவாகத் தருவது அதனினும் நல்லது என்கிறது. மூன்று போதனைகளும் குறிவைப்பது கொடுப்பவரின் உள்ளத்தை. புகழாசை கொடையைக் கெடுக்கும் என்பதே அவற்றின் கவலை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்குக் குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கேலி செய்யாதவர் இல்லை. அந்தக் கேலி இதே கவலையின் நாட்டு வடிவம். புத்தக அலமாரிகளுக்கும் இது பொருந்தும். நூலின் முதல் பக்கத்தில் கொடையாளர் முத்திரை பளிச்சென்று இருந்து, உள்ளே இருக்கும் நூல் வாசகருக்குப் பயன்படாத பழைய பாடத்திட்டக் கையேடாக இருந்தால், அங்கே விளம்பரம்தான் நடந்திருக்கிறது. வேண்டாத நூல்களைத் தள்ளிவிடும் இடமாக நூலகத்தைக் கருதும் வழக்கம் தக்கவருக்குத் தக்கதைத் தருதல் என்ற கீதையின் அளவுகோலில் தேறாது.

இதே மறைநூல்கள் கணக்கை வலியுறுத்தவும் தவறவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுத்தில் பதிவு செய்வது, சாட்சி வைப்பது பற்றியது. நாணயம், பொன், வணிகச் சரக்கு ஆகியவற்றின் மீது ஜகாத் என்ற கட்டாயத் தருமத்தின் கடமை, அவை ஓராண்டு கையிருப்பில் இருந்த பிறகே எழுகிறது. அவற்றில் அது நாற்பதில் ஒரு பங்கு. ஆண்டுக்கொரு முறை தன் இருப்பை எண்ணிப் பார்க்காதவரால் அந்தக் கடமையை நிறைவேற்றவே முடியாது. லூக்கா நற்செய்தியின் உவமையில் முதலாளி தம் கணக்கப்பிள்ளையை அழைத்து நிருவாகக் கணக்கை ஒப்படைக்கச் சொல்கிறார். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்தபோது, சபைகள் தேர்ந்தெடுத்த வேறு ஆட்களையும் உடன் சேர்த்தார். இறைவன் முன் மட்டுமல்லாது மனிதர் முன்னும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அதற்கு அவர் கூறிய காரணம்.

ஆக, மறைக்க வேண்டியது கொடுப்பவரின் பெருமை. காட்ட வேண்டியது பணத்தின் போக்கு. இந்திய வருமான வரிச் சட்டம் அறிந்தோ அறியாமலோ இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது. 2006-இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் அறநிறுவனம் அதற்கு 30 சதவீத வரி கட்ட வேண்டும். மொத்த நன்கொடையில் 5 சதவீதம், 1 லட்சம் ரூபாய் ஆகிய இரண்டில் எது அதிகமோ அது அந்த வரம்பு. முழுக்கச் சமயப் பணிக்கென அமைந்த நிறுவனங்களுக்கு இவ்விதி பொருந்தாது. கோயில் உண்டியலில் முகம் காட்டாமல் காணிக்கை போடலாம். நூலக அறக்கட்டளையின் உண்டியலில் அப்படிப் போடப்படும் தொகைக்கு எல்லை உண்டு. இறைவனுக்கும் பக்தருக்கும் இடையிலான கொடையில் சட்டம் மறைவை மதிக்கிறது. ஊருக்கான கொடையில் பதிவைக் கேட்கிறது. சட்டம் கேட்பது பதிவேட்டில் பெயர் மட்டுமே. சுவரில் பெயர் பொறிக்கச் சொல்லவில்லை. புகழை விரும்பாத கொடையாளர் இரண்டையும் ஒருசேரக் காக்க முடியும்.

ஆண்டுக் கணக்கின் தொன்மை

ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைப்பது மேலைநாட்டு அலுவலக முறையிலிருந்து வந்தது என்ற எண்ணம் தவறானது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுக்கின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் போன்றவை 360 நாள் பணியாற்றி விலகின. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் தடை உண்டு. நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணருக்கு மட்டுமே அந்தச் சபை திறந்திருந்தது என்பது அதன் பெரிய குறை. ஆனால் கணக்கைப் பொதுப்பணியின் தகுதியாகவே அது கண்டது. திருட்டு நடந்ததா என்று பார்த்த பிறகு தண்டிப்பது ஒரு முறை. கணக்கு வராததையே தகுதியிழப்பாகக் கொள்வது அதைவிடக் கடுமையான முறை. உத்திரமேரூர் இரண்டாவதைத் தேர்ந்தது.

சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழியும் பொதுச்சொத்தைக் காக்க மக்கள் வகுத்த வேலிதான். அது அச்சத்தை நம்பியது. ஆண்டுக் கணக்கு சபையின் கண்ணை நம்புகிறது. இவ்விரண்டில் பின்னதே மேலானது. அச்சம் நேர்மையற்றவரை எப்போதும் தடுப்பதில்லை. நேர்மையானவர் மீது விழும் வீண் சந்தேகத்தைத் துடைக்கவும் அதற்கு ஆற்றல் இல்லை.

காந்தி இந்தக் கருத்தை நடைமுறையில் காட்டியவர். 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசை அமைத்தபோது ஒவ்வொரு சிறு தொகைக்கும் ரசீது எழுதினார். ஒழுங்கான கணக்கு இல்லாமல் உண்மையைத் தூய்மையாகக் காக்க இயலாது என்று தம் சுயசரிதையில் அவர் வாதிடுகிறார். 1934 பிப்ரவரித் தொடக்கத்தில் அரிஜன யாத்திரையின்போது அவர் குன்னூரில் தங்கினார். அந்தப் பயணமே ஊர் ஊராக நிதி திரட்டிய பயணம். அவருக்குக் கணக்குப் புத்தகம் சத்தியத்தின் ஒரு கருவியாக இருந்தது.

ஓராண்டின் வேலைகள்

உள்ளூர் வாசிப்பு அமைப்பு இன்று இரண்டு சட்ட வடிவங்களில் ஒன்றை மேற்கொள்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்பதன்கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்து பொது அறக்கட்டளையாகவும் இயங்கலாம். சங்கம் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும்; தணிக்கையான கணக்கையும் உறுப்பினர், நிருவாகிகள் விவரங்களையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் இதற்கான ஆறு மாதக் கெடு செப்டம்பருடன் தீர்கிறது. அறக்கட்டளைக்கு இப்படிப்பட்ட பொதுக்குழு இல்லை. மகாராஷ்டிரத்தில் உள்ளதைப் போன்ற அறநிலைய ஆணையர் முறையும் சமயச் சார்பற்ற அறக்கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் இல்லை. சட்டத்தின் கண் குறைவாகப் படும் இடத்தில் தானாகக் கணக்கு வெளியிடும் பொறுப்பு அறங்காவலர்களின் மனச்சான்றைச் சேர்கிறது.

வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கு மேலும் சில கடமைகள் உண்டு. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். குறித்த நோக்கத்துக்காகச் சேர்த்துவைக்க விரும்பினால் முறைப்படி அறிவிக்க வேண்டும். வரிச்சலுகை கோரும் நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள்ளும், தணிக்கை அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள்ளும், வருமானக் கணக்கை அக்டோபர் 31-க்குள்ளும் அளிப்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்துவந்த ஒழுங்கு. அச்சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஆகவே கெடுநாள்களை ஒவ்வோர் ஆண்டும் தணிக்கையாளரிடம் உறுதி செய்துகொள்வது தேவை. வெளிநாட்டு நிதி பெறுவோர் அதற்கான தனிக்கணக்கை டிசம்பர் 31-க்குள் அளிக்க வேண்டும்.

பணக்கணக்கைப் போலவே நூற்கணக்கும் முக்கியமானது. நீலகிரியில் அதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஈரம் சுவரில் ஏறி நூலில் பூசணம் பிடிக்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை மறுபடி வரும். வறண்ட நாள்களில் ஒவ்வொரு நூலையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, துடைத்து, கிழிந்ததைக் கட்டி, தொலைந்ததைக் குறித்துவைத்தால் மார்ச் 31-க்குரிய இருப்புப் பட்டியல் தானே தயாராகிவிடும். எந்த நூல் அடிக்கடி வெளியே போனது, எது ஒருமுறையும் அசையவில்லை என்பதும் அப்போதே தெரியும். அடுத்த ஆண்டு நூல் வாங்குவதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

வாசிப்பு விழாக்களையும் இந்த ஒழுங்கோடு பொருத்தலாம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அது புதிய நிதியாண்டின் முதல் மாதத்தில் வருகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம்; அதற்குள் தணிக்கையும் பொதுக்குழுவும் முடிந்திருக்கும். கணக்கு வாசிக்கும் கூட்டத்திலேயே ஒரு கதையும் வாசிக்கப்பட்டால் இரண்டையும் ஊரார் தங்களுடையதாகக் கருதுவார்கள்.

யாருக்கான நூல்

கொடை தக்கவருக்குத் தக்கதாக அமைய வேண்டும் என்ற பழைய அளவுகோல் நீலகிரியில் தனிச் சிக்கலைச் சந்திக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 7,35,394 மக்கள் கொண்ட இச்சிறு மாவட்டத்தின் எழுத்தறிவு 85.2 சதவீதம். இந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் பல மொழிகள் இருக்கின்றன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கும் படகருக்கும் வீட்டுமொழி வேறு, பள்ளிமொழி வேறு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையடுத்து இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் கொழுந்து பறிக்கிறார்கள். மாலையில் யானையோ காட்டுமாடோ வழியில் நிற்கும் ஊர்களில் இரவு நேரப் படிப்பகம் காகிதத்தில்தான் இயங்கும்.

இந்நிலையில் நூல் வழங்குவது ஒருவழிப் பாதையாக இருந்தால் அது பழைய மிஷன் காலத்துக் கேள்வியை மறுபடி எழுப்பும்: கொடுப்பவரின் நோக்கம் பெறுபவரின் மேல் ஏற்றப்படுகிறதா? எழுத்தில்லாத சமூகம் இலக்கியம் இல்லாத சமூகம் என்று கருதுவது பிழை. மொழியியல் அறிஞர் எம். பி. எமனோ 1930-களில் சேகரித்து 1971-இல் வெளியிட்ட தோடர் பாடல்களின் பெருந்தொகுப்பு இதற்குச் சான்று. ஆகவே, முதியவர் சொல்லும் கதையைக் கேட்டு எழுதிப் பிள்ளைகள் வாசிக்கக் கொடுப்பதும், தமிழ் நூலை அலமாரியில் வைப்பதும் சம அளவில் வாசிப்புப் பணிகளே. ஆண்டறிக்கையில் இரண்டுக்கும் தலைப்பு ஒதுக்க வேண்டும்.

எண்ணக்கூடியதும் எண்ண முடியாததும்

கணக்குக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் இரண்டு வலுவானவை. முதலாவது, வாசிப்பின் பயன் உள்ளத்தில் நிகழ்வது. அதை எண்ணால் அளக்க முற்பட்டால் எண்ணே நோக்கமாகிவிடும். இதில் உண்மை உண்டு. வழங்கிய நூல்களின் தொகை கூடவேண்டும் என்பதற்காக மெல்லிய புத்தகங்களை வாங்குவதும், வந்தவர் எண்ணிக்கைக்காகப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து கையொப்பம் வாங்குவதும் நடக்கக்கூடியவை. இதற்குத் தீர்வு கணக்கைக் கைவிடுவது ஆகாது. கணக்கு எதைச் சொல்கிறது என்பதில் அடக்கம் வேண்டும். எத்தனை நூல் போயிற்று, எத்தனை திரும்பிற்று, எவ்வளவு செலவாயிற்று என்று அறிக்கை சொல்லலாம். எத்தனை வாழ்க்கை மாறிற்று என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையின் போதனை இந்த அடக்கத்துக்குப் பொருந்துகிறது. கடமையின் பகுதி எண்ணத்தக்கது. பலனின் பகுதி வாசகருக்கு உரியது.

இரண்டாவது ஆட்சேபம், சிறு அமைப்புகளின் திணறல். தோட்டத்து லயன் வீட்டின் ஓர் அறையில் சில தொண்டர்கள் நடத்தும் படிப்பகத்துக்குத் தணிக்கைக் கட்டணமே நூல் வாங்கும் தொகையைத் தின்றுவிடக்கூடும். கூடை கூடையாகக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவரிடம் இணையவழிப் படிவத்தை நிரப்பச் சொல்வது நியாயமா என்ற கேள்வியும் எழுகிறது. கணக்கின் அளவு பணத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே இதற்கு நேர்மையான விடை. மிகச் சிறிய அமைப்பு தனியே பதிவு செய்துகொள்ளாமல் அரசு நூலகத்தின் வாசகர் வட்டத்தோடோ, ஏற்கெனவே தணிக்கையுள்ள ஓர் உள்ளூர் அறக்கட்டளையோடோ இணைந்து செயல்படலாம். அப்போதும் வரவு, செலவு, நூல் பதிவேடு என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கொரு முறை வாசகர் முன் படித்துக் காட்ட எந்தச் செலவும் இல்லை. சட்டம் விலக்கு அளிக்கலாம். அறம் இந்த அளவிலிருந்து விலக்கு அளிப்பதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு ஒன்றே. அறிவைக் கொடுக்க யாராலும் முடியாது. அதை அடையும் வழிகளைத்தான் கொடுக்க முடியும். அந்த வழிகள் பிறர் பணத்தால் அமைந்தவை, தேய்பவை, தொலைபவை. அவற்றைப் பராமரிப்பவர் ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்த்து ஊருக்குச் சொல்லும்போதுதான் கொடை கொடுத்தவரின் கையை விட்டு உண்மையில் பொதுவாகிறது. ஆகவே ஆண்டுக் கணக்கு வாசிப்பு அறத்தின் உறுப்பே. கணக்குக் காட்டாத படிப்பகம், அதன் நூல்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், தன் பணியில் பாதியைத்தான் செய்திருக்கிறது.